காத்திருப்பவளின் நிலையம்: எழும்பூர் மறுசீரமைப்பை வாசித்தல்

ஒரு ரயில் நிலையத்தின் மறுசீரமைப்புத் திட்டத்தையும் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்க முடியும். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு. யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னணியில் வைப்பது, யாரை விட்டுவிடுவது என்ற தேர்வுகள் அதிலும் நடக்கின்றன. கவிதையில் ஒரு பெண் எங்கே நிற்கிறாள், யார் பார்வையில் நிற்கிறாள் என்று கேட்கப் பழகிய நாம், பல நூறு கோடி ரூபாயில் எழுதப்படும் இந்தப் பிரதிகளிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை. அவை பொறியாளர்களின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் ஐந்து ரயில் நிலையங்களின் மறுசீரமைப்புக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி என்பவை அந்த ஐந்தும். இவற்றில் எழும்பூருக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 735 கோடி ரூபாய். பழைய கட்டடம் அப்படியே காக்கப்படும். காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய முனையங்கள் எழும். வருவோருக்கும் புறப்படுவோருக்கும் தனித்தனி வழி. நடைமேடைகளுக்கு மேலே அகன்ற கூடம். நகரும் படிக்கட்டுகள், மின்தூக்கிகள், அடுக்கு வாகன நிறுத்தம். திட்டத்தின் சாரம் இதுதான்.

இவை எதுவும் வேண்டாதவை அல்ல. இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக நடைமேம்பாலம் ஏறிய எந்தப் பெண்ணும் மின்தூக்கியை வேண்டாம் என்று சொல்லமாட்டாள். ஆனால் இந்தப் பட்டியலின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். வருதல், புறப்படுதல், ஏறுதல், நிறுத்துதல். ஒரு நிலையத்தில் பெண்கள் அதிகம் செய்யும் செயலுக்கான வினை மட்டும் இதில் இல்லை. காத்திருத்தல் என்பது அந்த வினை.

படத்தில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை

இத்தகைய திட்டங்கள் மக்களிடம் அறிக்கையாக வந்து சேர்வதில்லை, படமாகத்தான் வருகின்றன. பறவைப் பார்வைக் கோணம், மாலை வெளிச்சம், கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை, உருட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் மனித உருவங்கள். கட்டடத்தின் அளவு புரிவதற்காக ஒட்டப்படும் உருவங்கள்தாம் அவை. ஆனாலும் அவற்றுக்கு அரசியல் உண்டு. நிலையம் யாரை எதிர்பார்த்துக் கட்டப்படுகிறது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இந்த வகைப் படங்களில் எல்லோரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தூணோரம் துண்டு விரித்துப் படுத்திருப்பவர் இல்லை. தூக்குவாளியைத் திறந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும் பாட்டி இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எந்த ஆணின் கண்ணையும் சந்திக்காத கோணம் பார்த்து உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணும் இல்லை.

இந்த இல்லாமைக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. நிலையத்தை விமான நிலையம்போல் ஆக்குவது என்பது பத்தாண்டுகளுக்கு மேலாக நம் ரயில்வேயின் இலட்சிய வாசகம். இந்திய ரயில் நிலைய மேம்பாட்டுக் கழகம் 2012-இல் தொடங்கப்பட்டு 2021-இல் மூடப்பட்டது. கழகம் போனாலும் கனவு போகவில்லை. தனியார் பங்கேற்புடன் புதுப்பிக்கப்பட்டு, ராணி கமலாபதி என்று பெயர் மாற்றப்பட்டு, 2021 நவம்பரில் திறக்கப்பட்ட போபால் ஹபீப்கஞ்ச் நிலையம் அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. விமான நிலையத்தில் காத்திருப்பதற்கு முன்பே பணம் கட்டியாயிற்று. மேலும் காத்திருந்தால் கடைக்கு லாபம். ரயில் நிலையத்தின் ஏழைக் காத்திருப்பில் யாருக்கும் லாபம் இல்லை. ஆகவே அது ‘நெரிசல்’ என்ற பெயரில், தீர்க்க வேண்டிய சிக்கலாக வரைபடத்துக்குள் நுழைகிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. பாரிஸின் கார் து நோர் நிலையத்தை 2024 ஒலிம்பிக்குக்குள் புதுப்பிக்க ஒரு திட்டம் போட்டார்கள். புறப்படும் பயணிகள் மேல்தளம் ஏறி, கடைகளைத் தாண்டி, சுற்றிக்கொண்டுதான் ரயிலை அடைய முடியும் என்கிற அமைப்பு அது. 2019 செப்டம்பரில் ழான் நுவெல் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் அதை எதிர்த்து லெ மோந்த் நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். செலவும் மளமளவென்று ஏற, 2021-இல் திட்டம் கைவிடப்பட்டது. பயணியின் காலடியை வாடிக்கையாளரின் காலடியாக மாற்றுவது மறுசீரமைப்பு ஆகாது என்று அங்கே உரத்துச் சொல்ல ஆள் இருந்தது. எழும்பூருக்கு நாம் அப்படி எதையும் எழுதவில்லை.

முல்லையும் பாலையும்

காத்திருத்தல் பற்றித் தமிழ் படித்தவளுக்குப் பேச நிறைய இருக்கிறது. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். கார்காலம், மாலைப்பொழுது, வருவதாகச் சொல்லிப் போனவனை எதிர்பார்த்து வீட்டில் ஆற்றியிருக்கும் தலைவி. பாலையின் உரிப்பொருள் பிரிதல். பொருள் தேடிச் சுரம் கடப்பவன் தலைவன். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதியாகவே சொல்கிறது. உடன்போக்கில் பெண் வழியில் இறங்குகிறாள் என்றாலும் அது ஒருவனுக்குப் பின்னால் நடக்கும் பயணம். தன்னந்தனியாகத் தேடி அலைந்தவள் என்று மரபு நினைவில் வைத்திருப்பது வெள்ளிவீதியாரை. ஔவையார் தன் அகநானூற்றுப் பாடலில் அதைக் குறிப்பிடும் அளவுக்கு அது அரிதான செயலாக இருந்திருக்கிறது.

ஆக, நம் இலக்கணத்தில் வழி ஆணுடையது, காத்திருப்பு பெண்ணுடையது. காத்திருக்கும் இடம் வீடு. இன்று இந்தப் பங்கீடு நடைமுறையில் உடைந்துவிட்டது. பொருள்வயின் பிரிபவர்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பு அவர்களை விட்டுப் போகவில்லை, கூடவே வெளியில் வந்துவிட்டது. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தவள், இப்போது விளக்கெரியாத நிறுத்தத்தில் காத்திருக்கிறாள். வீட்டுக்குள் அவளுடைய காத்திருப்புக்குக் கற்பு என்று மரியாதையான பெயர் இருந்தது. தெருவுக்கு வந்ததும் அதே காத்திருப்பு சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. ‘யாருக்காக நிக்கிற?’ என்ற கேள்வியை ஒருமுறையாவது கேட்காத பெண் நம்மில் யார்?

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மாலை மழையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவியை, ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சீரழிக்கிறான். வீடு திரும்பியவளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவை வைத்துத் தமிழ்ச் சமூகம் பல ஆண்டுகள் சண்டையிட்டது. கற்பு போயிற்றா, தாய் செய்தது சரியா, அவள் ஏன் ஏறினாள் என்று எல்லாம் கேட்டார்கள். நான் படித்த எந்த விவாதத்திலும், பெண்கள் கல்லூரி வாசலில் இருந்த அந்தப் பேருந்து நிறுத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்க அங்கே என்ன இருந்தது? பேருந்து எப்போது வரும் என்று சொல்ல யார் இருந்தார்கள்? கதையின் முதல் குற்றவாளி அந்த நிறுத்தம்தான் என்று இன்றைய மாணவிகள் வகுப்பில் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருப்பதில்லை.

ஊத்தங்கரையிலிருந்து பார்த்தால்

எழும்பூரை ஊத்தங்கரையில் உட்கார்ந்துகொண்டு எதற்கு வாசிக்க வேண்டும் என்று கேட்கலாம். சேலம்–ஜோலார்பேட்டை தடத்தில் போகும் எங்களுக்குச் சென்னை என்றால் பெரும்பாலும் சென்ட்ரல்தான். எழும்பூர் தெற்கத்தியாரின் வாசல். ஆனால் பெருநகர முனையம் ஒன்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்பது, அதன் கடைசிக் கிளையில் நிற்கும் பெண்ணை எப்படிக் கருதுகிறார்கள் என்பதோடு சேர்ந்தது.

ஒரு வரலாற்றுப் பொருத்தத்திலிருந்து தொடங்குகிறேன். தென்னிந்திய ரயில்வேக்காக எழும்பூர் நிலையத்தைக் கட்டத் தொடங்கியது 1905-இல். ஹென்றி இர்வின் வடிவமைப்பில், சாமிநாதப் பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் சுமார் 17 லட்சம் ரூபாயில் கட்டிய அந்த இந்தோ-சாரசெனிக் மாளிகை 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. அதே 1905-இல் எங்கள் பக்கம் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சத்தில் தானியம் கொண்டுசேர்க்கவும் மக்களுக்கு வேலை கொடுக்கவும் என்று போடப்பட்ட பாதைகள் அவை. 1941-இல், போர்க்காலத்தில், இரண்டும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. எழும்பூரின் செங்கல் பாரம்பரியமாயிற்று. பஞ்சத்து ரயிலைப் பற்றிச் சொல்ல எங்களூரில் ஒரு பலகைகூடக் கிடையாது. எது பாரம்பரியம் என்பதும் யாருடைய பயணம் நினைவில் நிற்கலாம் என்பதும் ஒரே கேள்விதான்.

ஊத்தங்கரைக்குப் பக்கத்து ரயில் நிலையம் சாமல்பட்டி. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு, 2025 மே 22 அன்று நாடு முழுவதும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் ஒன்பதில் ஒன்று. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் தடத்தில் விரைந்து போகும் ரயில்கள் பலவும் அங்கே நிற்பதில்லை. இறங்கியபின் ஊர் வந்துசேர இன்னும் சில கிலோமீட்டர் இருக்கிறது. நிலையத்தின் முகப்பு ரயில்வேயுடையது. முகப்புக்கு வெளியே இருக்கும் இருட்டு யாருடையதும் இல்லை.

இந்த இருட்டில் நடப்பவர்கள் யார்? பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட்களின் ஆலைப் பேருந்துகளில் ஏறி இறங்கும் பெண்கள். போச்சம்பள்ளியின் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களால் இயங்கும், 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. 2022-இல் ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ரயிலேறி ஓசூர் மின்னணு ஆலைக்கு வந்தார்கள். இந்த எல்லைப் பகுதியின் தொழில் வளர்ச்சி இளம்பெண்களின் கைகளை நம்பி நிற்கிறது. அந்தக் கைகள் வேலைக்குப் போகவும் வீட்டுக்கு வரவும் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிக் காத்திருக்கின்றன என்பது மட்டும் தொழில் வளர்ச்சியின் கணக்கில் வருவதில்லை.

முல்லைத் திணை நடத்தும்போது மாணவிகளை ஒரு பயிற்சி செய்யச் சொல்வேன். கடைசியாக வீட்டுக்கு வெளியே காத்திருந்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், உணர்ச்சி வேண்டாம், என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள் என்பேன். பக்கங்கள் ஒன்றைப்போல ஒன்று வரும். கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பூ விற்கும் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். வராத அழைப்பைப் பேசுவதுபோல் நடித்தேன். குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் அருகே, அவர்கள் வீட்டுப் பெண்போல உட்கார்ந்துகொண்டேன். தேவையில்லாமல் ஒரு டீ வாங்கினேன், வாங்கினால் நிற்கலாமே என்று. மாதவிடாய் நாளில் எதிர்ப்பட்ட இரண்டு கழிப்பறைகளிலும் கொக்கி இல்லை. இவையெல்லாம் வடிவமைப்புக் குறிப்புகள். எந்த ஆலோசனை நிறுவனமும் காசு கொடுத்து வாங்காத குறிப்புகள்.

கேமரா பார்க்கும், துணைக்கு வராது

பெண்களின் பாதுகாப்பு என்று திட்டத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்காணிப்புக் கேமரா என்று இருக்கும். 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் அலுவலகம் போகக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அந்த நிலையத்தில் கேமரா இல்லை என்பது பெரிய செய்தியாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. பின்னர் நிலையங்களில் கேமராக்கள் வந்தன. வரட்டும். ஆனால் நடந்தது நள்ளிரவில், ஆளில்லாத இடத்தில் அல்ல. பட்டப்பகலில், சக பயணிகள் நிற்கும் நடைமேடையில் நடந்தது. கொன்றவன் யாரென்று பின்னால் சொல்ல மட்டுமே கேமராவால் முடியும்.

2025 பிப்ரவரி 6 அன்று எங்கள் தடத்திலேயே நடந்ததும் இதைத்தான் சொல்கிறது. கோயம்புத்தூர்–திருப்பதி ரயிலின் பெண்கள் பெட்டியில் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கிவிட, ஏறிக்கொண்ட ஒருவன் அவரிடம் பாலியல் அத்துமீறலுக்கு முயன்றான்; எதிர்த்தவரைக் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றிலிருந்த குழந்தை இறந்தது. குற்றவாளிக்குத் திருப்பத்தூர் நீதிமன்றம் சில மாதங்களிலேயே சாகும்வரை சிறை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் பெண்கள் பெட்டி என்று எழுதி ஒட்டுவதாலேயே ஒரு பெட்டி பாதுகாப்பாகிவிடாது என்பதுதான் அந்தத் தாய் கொடுத்த விலையில் நமக்குத் தெரியவந்தது. பெண்ணைக் காப்பது தனிமை அல்ல, துணை. அந்தப் பெட்டி ஆபத்தானது மற்ற பெண்கள் இறங்கிப் போனபின்தான்.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை ஆய்ந்து 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இந்தப் புள்ளியைத்தான் பிடிக்கிறது. பொதுவெளியில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஒரு காரியம் இருப்பதாக ஓயாமல் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் இருக்கும் உரிமை கிடைக்காதவரை அவள் அந்த வெளிக்கு விருந்தாளியே தவிர உரிமைக்காரி அல்ல என்பது அவர்கள் வாதம். என் மாணவியின் தேவையில்லாத டீயும் இதைத்தான் சொல்கிறது. காத்திருப்பதற்குக் காசு கேட்கும் நிலையம், பெண்களில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடுகிறது.

துணை என்பது இங்கே கவித்துவமான சொல் அல்ல, வரைபடத்தில் வரையக்கூடியது. கடைக்காரர், பூக்காரி, டிக்கெட் கொடுப்பவர், இறங்கி ஏறும் கூட்டம், வெளிச்சம், வாசலிலேயே வந்து நிற்கும் பேருந்து. இவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது பாதுகாப்பு. எழும்பூர் போன்ற இடத்தில் இதற்குப் பெரிய தடை அதிகாரப் பிரிவினை. நடைமேடை ரயில்வேக்கு, வெளியே தெரு மாநகராட்சிக்கு, பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு, 2018-இல் வந்த சுரங்க நிலையம் மெட்ரோவுக்கு. இவற்றை இணைக்கவென்றே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றினார்கள். சட்டம் வந்தும் ஒரு துறையின் வாசலுக்கும் அடுத்த துறையின் வாசலுக்கும் நடுவிலுள்ள நூறு, இருநூறு மீட்டர் பலவும் இன்னும் பெண்ணின் சொந்தப் பொறுப்பில்தான் இருக்கின்றன.

2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இதற்குப் பாடம். பெரிய கட்டடம், அகன்ற கூடம். ஆனால் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இறங்கும் பெண், நகரத்துக்குள் போக மறுபடியும் காத்திருக்க வேண்டும். முனையம் மாறியது, காத்திருப்பு கூடியது.

தரையைத் துடைப்பவள்

பெண் பயணியைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தினால் இது பாதிப் பெண்ணியம்தான். நிலையத்தில் நாள் முழுக்க இருப்பவள், அதைச் சுத்தம் செய்பவள். பளபளக்கும் தரை எந்தப் படத்திலும் தானாகவே பளபளக்கிறது. தண்டவாளத்தில் விழும் மலத்தைக் கையால் அகற்றும் கொடுமையை ஒழிக்க, ரயில்வே காலக்கெடு வைத்துத் திட்டமிட வேண்டும் என்று 2014 மார்ச்சில் சஃபாயி கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிரிக் கழிப்பறைகள் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. மாறாதது எது? துப்புரவு வேலை இன்னும் தலித் உடல்களின் மேல்தான் விழுகிறது, அதிலும் பெண்கள் மேல். ஒப்பந்த முறை அவர்களை நிலையத்தின் கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் நிலையத்தில் அந்தப் பெண் உடை மாற்ற ஓர் அறை, மதியச் சோறு உண்ண ஒரு மேசை, வெந்நீர் வரும் குழாய் எந்தத் தளத்தில் இருக்கின்றன? திட்டத்தின் சாதி என்ன என்று கண்டறிய இந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்தவள், விற்பவள். கொய்யாவும் வெள்ளரியும் முறுக்கும் பூவும் விற்பவள். ரயில்வே சட்டம் 1989-இன் 144-ஆம் பிரிவு அனுமதியில்லா விற்பனையைப் பிச்சை எடுப்பதோடு ஒரே பிரிவில் வைத்துக் குற்றமாக்குகிறது. இன்னொரு பக்கம் 2022-இலிருந்து ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று உள்ளூர்ப் பொருளுக்கு அழகிய கடை கொடுக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கடைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவளும் கூடையோடு ரயிலுக்குப் பின்னால் ஓடுபவளும் ஒரே பெண் அல்லர். பயந்து நின்ற என் மாணவிக்குத் துணையாக இருந்தவள் இந்தக் கூடைக்காரி. கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று முதலில் அப்புறப்படுத்தப்படுபவளும் அவள்தான்.

எதைக் காக்கிறோம்

எழும்பூரின் குவிமாடத்தைக் காக்கிறார்கள், நியாயம். ஆனால் கட்டடம் மட்டும்தான் பாரம்பரியமா? மீட்டர் பாதைக் காலத்தில் தஞ்சையும் மதுரையும் நெல்லையும் சென்னைக்கு வந்து இறங்கிய வாசல் அது. போட் மெயில் இங்கிருந்துதான் தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து கப்பலில் இலங்கைக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. 1931-இலிருந்து கடற்கரை–தாம்பரம் மின்ரயில் இதன் வழியே ஓடுகிறது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வீட்டு வேலைக்கும் போன பெண்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது அந்த ரயில். காலனிய நிலையங்கள் காத்திருப்பை வகுப்புவாரியாகப் பிரித்தன. மேல்வகுப்புப் பெண்ணுக்கு நாற்காலி போட்ட தனி அறை, மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு நடைமேடைத் தரை. அந்தத் தரையும் பாரம்பரியம்தான். நூறாண்டுகளாக ஏழைப் பெண் காசு கொடுக்காமல் உட்கார்ந்த இடம் அது. குவிமாடத்தை வைத்துக்கொண்டு தரையை எடுத்துவிட்டால், வெள்ளைக்காரன் விட்டுப்போன வகுப்புப் பிரிவினையை நாமே கண்ணாடியில் மறுபடி கட்டியதாக ஆகும்.

இதைச் செய்ய முடியாது என்பதில்லை. வியன்னா நகரம் 1990-களிலேயே பெண்களும் ஆண்களும் நகரத்தில் எப்படி நடமாடுகிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதியது. ஆண்கள் வீட்டுக்கும் வேலைக்குமாகப் போய்வந்தார்கள். பெண்களோ ஒரே நாளில் பள்ளி, கடை, மருத்துவமனை, வேலை என்று நடந்தும் பேருந்திலும் பல துண்டுகளாகப் பயணம் செய்தார்கள். அதைப் பார்த்தபின் அங்கே நடைபாதை அகலமாயிற்று, படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் வந்தது, விளக்கு வந்தது. இங்கும் அடித்தளம் இருக்கிறது. தமிழ்நாடு 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்தது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடக்கிறது. சென்னை மாநகராட்சியில் பாலினக் கொள்கைக்கென்றே ஓர் ஆய்வகம் செயல்படுகிறது. பெண்கள் எங்கே, எப்போது, எப்படிப் பயணிக்கிறார்கள் என்று தெரியாது என்று எந்தத் திட்டக்காரரும் இனிச் சொல்ல முடியாது. அந்த அறிவு ரயில்வேயின் மதிலைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பதுதான் குறை.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரப்பு ஒதுக்கினால் அது சமத்துவம் போலத் தெரியும். ஆனால் அதே பரப்பில் ஆண்கள் பக்கம் ஒரே நேரத்தில் அதிகம் பேர் பயன்படுத்தலாம். பெண்ணுக்கு நேரமும் அதிகம் வேண்டும். சேலை, குழந்தை, மாதவிடாய், கர்ப்பம், மூட்டுவலி எல்லாம் உண்டு. ஆகவே சம பரப்பு என்பது பெண்கள் வரிசையில்தான் முடியும். சமத்துவத்தைச் சதுர அடியில் அளப்பதா, காத்திருக்கும் நிமிடத்தில் அளப்பதா என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். தேவை, கேட்பவர்கள்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஊரின் பேருந்து நிலையமோ ரயில் நிலையமோ இடிக்கப்பட்டுப் புதிதாக எழப்போகிறது என்று படம் வெளியானால், அதை ஒரு கவிதையை வாசிப்பதுபோல நிதானமாக வாசியுங்கள். யார் நடக்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் துடைக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஒரு மனு எழுதுங்கள். எழும்பூர் புதிய நிலையம் முழுமையாகத் திறக்கும் நாளில் அதை நான் மதிப்பிடப்போவது குவிமாடத்தின் மேல் விழும் வண்ண விளக்கை வைத்து அல்ல. முன்பதிவில்லாச் சீட்டோடு வந்த ஒரு பெண், இரவு பதினொரு மணிக்கு, எதையும் வாங்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், தண்ணீர் குடித்துவிட்டு, விடியும்வரை அங்கே எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம் என்று கேட்பேன்.